ஏட்டுச் சுரைக்காயும் ஏரிப்பாறை எண்ணெயும்

எங்க ப்ராஜெக்ட் ரிவ்யூல நான் போட்ட முதல் ஸ்லைடு இதுதான்: "கிரீன் ரிவர் பாறை அடுக்கு, அமெரிக்கா – 4.3 லட்சம் கோடி பேரல் எண்ணெய்." உலகம் முழுக்க ஒரு நாளைக்குச் செலவாகும் எண்ணெய் சுமார் 10 கோடி பேரல். அப்போ 100 வருஷத்துக்கு மேல தாங்கும்னு கணக்குப் போட்டு கெத்தா சொன்னேன். சார் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இதுல எத்தனை பேரல் வெளியே வரும்?"

என்கிட்ட பதில் இல்லை. அதுக்கப்புறம் தேடிப் படிச்சதைத்தான் இங்கே எழுதுறேன் மக்களே.

ஏரியில எண்ணெயா?

எண்ணெய்னாலே நமக்குக் கடல்தான் ஞாபகம் வரும். ஆனா ஏரியிலும் உருவாகும். சுமார் 5 கோடி வருஷத்துக்கு முன்னாடி இன்றைய கொலராடோ, யூட்டா, வயோமிங் பகுதிகளில் பெரிய ஏரிகள் இருந்தன. மேல் தண்ணியில் பாசி அமோகமா வளர்ந்தது. அடித்தண்ணி உப்பேறி, கனமாகி, மேல் தண்ணியோட கலக்காமலே கிடந்தது. அதனால அங்கே ஆக்ஸிஜன் இல்லை. செத்து விழுந்த பாசி மக்காம, சேற்றோடு சேர்ந்து மெல்லிய அடுக்குகளா படிந்தது.

இந்தப் பாசி காலப்போக்கில் கெரோஜன் என்ற திடப்பொருளாக மாறுது. ஏரிப் பாசியில் வர்ற கெரோஜனில் ஹைட்ரஜன் அதிகம். அதனால எண்ணெய் தரும் திறனும் அதிகம். இதை முதல் வகை கெரோஜன்னு சொல்வாங்க. புத்தகங்களில் அதுக்குக் கொடுக்கிற உதாரணமே கிரீன் ரிவர்தான். ஆனா பாறையில் கெரோஜன் இருந்தா மட்டும் போதாது. மூணு கேள்வி கேட்கணும்.

1. வெந்துச்சா?

கெரோஜன் இட்லி மாவு மாதிரி. வேகாம இட்லி கிடைக்காது. பாறை ஆழமாகப் புதைந்து, சுமார் 60 முதல் 120 டிகிரி செல்சியஸ் சூட்டில் பல லட்சம் வருஷம் இருந்தால்தான் கெரோஜன் எண்ணெயாகும். கொலராடோ பக்கம் இருக்கிற கிரீன் ரிவர் பாறை அந்த அளவுக்கு ஆழம் போகவே இல்லை. பேர் ஆயில் ஷேல். ஆனா உள்ளே இருக்கிறது ஆயில் இல்லை, கெரோஜன். பாறையும் சரியான ஷேல் இல்லை, சுண்ணாம்பு கலந்த களிப்பாறை!

இயற்கை வேக வைக்காததை நாம வேக வைக்கணும்னா, பாறையை வெட்டி எடுத்து உலையில் சுமார் 500 டிகிரி வரைக்கும் சூடாக்கணும். அதுக்கே ஏகப்பட்ட எரிசக்தி வேணும். கொலராடோவில் இதுக்காக எக்ஸான் நிறுவனம் பெரிய திட்டம் ஒன்றை எடுத்துச் செய்தது. செலவு ஏறிக்கிட்டே போச்சு, எண்ணெய் விலை இறங்கிக்கிட்டே வந்தது. 1982 மே 2 அன்று திட்டத்தைக் கைவிட்டாங்க. ஒரே நாளில் 2,000 பேருக்கு மேல் வேலை போச்சு. அந்த ஊர்க்காரங்க அதை இன்னும் 'கருப்பு ஞாயிறு' என்றுதான் சொல்றாங்க. பூமிக்குள்ளேயே ஹீட்டர் இறக்கி முயற்சி செய்த ஷெல் நிறுவனமும் 2013-ல் கொலராடோவை விட்டுக் கிளம்பிடுச்சு.

2. ஓடுமா?

பக்கத்து மாநிலமான யூட்டாவில் கதை வேற. அங்கே யுயின்டா படுகையில் இதே பாறை அடுக்கின் ஒரு பகுதி ஆழமாகப் புதைந்து, தானாகவே வெந்துடுச்சு. அங்கே நிஜமான எண்ணெய் இருக்கு. கிடைமட்டக் கிணறு தோண்டி எடுக்கிறாங்க. இதைத்தான் ஷேல் ஆயில்னு சொல்றது. ஆயில் ஷேலும் ஷேல் ஆயிலும் ஒண்ணு இல்லை. நான் குழம்பின இடமே இதுதான்.

ஆனா ஏரிப் பாசி எண்ணெயில் மெழுகு அதிகம். மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் உறையுதே, அது மாதிரி இது சாதாரண அறை வெப்பத்திலேயே உறைஞ்சிடும். சாதாரண பைப்லைனில் அனுப்ப முடியாது. சூடு குறையாத டேங்கர் லாரிகளில் சால்ட் லேக் சிட்டி சுத்திகரிப்பு ஆலைகளுக்குக் கொண்டு போறாங்க.

3. உடையுமா?

சீனாவின் டாச்சிங் எண்ணெய் வயல் 1959-ல் கண்டுபிடிக்கப்பட்டது. அந்த எண்ணெய் ஏரிப்பாறையில் உருவாகி, பிறகு மணற்பாறைக்கு நகர்ந்து தேங்கியது. நகராமல் ஏரிப்பாறைக்குள்ளேயே தங்கிவிட்ட மிச்ச எண்ணெயைத்தான் இப்போ அங்கே குலோங் பகுதியில் எடுக்கப் பார்க்கிறாங்க. 2021-ல் அறிவித்த மதிப்பீடு 126.8 கோடி டன். இதுவும் நிலத்தடியில் இருக்கிற அளவுதான்.

சிக்கல் என்னன்னா, அந்தப் பாறையில் களிமண் அதிகம். துளைகளோ நானோமீட்டர் அளவு. தண்ணீரை அழுத்தத்தில் செலுத்திப் பாறையை விரிசல் விட வைக்கணும். குவார்ட்ஸும் சுண்ணாம்பும் அதிகமா இருந்தா கடலைமிட்டாய் மாதிரி படக்குனு உடையும். களிமண் அதிகமா இருந்தா நசுங்கும், விட்ட விரிசலும் மூடிக்கப் பார்க்கும். போதாக்குறைக்கு, ஏரிப் படிவு கொஞ்ச தூரத்திலேயே மாறிடும். ஒரு கிணறு ஜெயிச்சதால பக்கத்துக் கிணறும் ஜெயிக்கும்னு சொல்ல முடியாது.

இப்போ அந்த 4.3 லட்சம் கோடிக்கு வருவோம். அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனம் மூன்று படுகைகளுக்கும் சேர்த்துச் சொன்ன எண் அது. பாறைக்குள் மொத்தம் எவ்வளவு இருக்கு என்பது மட்டும்தான் அதில் இருக்கு. எவ்வளவு எடுக்கலாம்னு அந்த மதிப்பீடு சொல்லவே இல்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதுன்னு பாட்டி சொல்றது இதுக்கும் பொருந்தும்.

அடுத்த ரிவ்யூல ஸ்லைடை மாத்திட்டேன். அதே எண், பக்கத்தில் மூணு கேள்வி. சார் தலையாட்டிட்டு நாலாவதா ஒண்ணு கேட்டார்: "விரிசல் விட வைக்க தண்ணி எங்கிருந்து வரும்?"

அடுத்த இதழுக்குத் தலைப்பு கிடைச்சாச்சு.