பழத்தோலின் மதிப்பும் ஆய்வக அறிக்கையும்

பழத்தோலிலிருந்து சத்துப்பொருள்களைப் பிரித்தெடுக்கும் தொழிலுக்குக் கடன் கிடைக்குமா என்று கேட்டு வருவோர் அண்மைக் காலமாகப் பெருகி வருகின்றனர். பெரும்பாலோர் கையில் இயந்திர விற்பனையாளர் தயாரித்துத் தந்த திட்ட அறிக்கை ஒன்று இருக்கும். ‘மூலப்பொருள் செலவு: இல்லை’ என்ற வரியும் அதில் தவறாமல் இருக்கும். ஆலைகள் தூக்கி எறியும் கழிவுதானே என்பது அதன் கருத்து. இத்தொழிலில் வாய்ப்பு உண்டு என்பதில் ஐயமில்லை. எனினும் வீட்டுப் பத்திரத்தை ஈடு வைத்து இறங்குமுன் அந்த வரியைச் சற்று உரசிப் பார்ப்பது நல்லது.

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் செல்லும் நெடுஞ்சாலையில், பாப்பனங்கோட்டில், அறிவியல் மற்றும் தொழிலக ஆராய்ச்சி மன்றத்தின் தேசியப் பல்துறை அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம் அமைந்துள்ளது. 1975இல் தொடங்கப்பெற்று, 1978 முதல் வட்டார ஆராய்ச்சிக் கூடம் என்றும், 2007 முதல் இப்போதைய பெயராலும் வழங்கி வருகிறது. வேளாண் பொருள்களைப் பதப்படுத்துவதும், நறுமணப் பொருள்களிலிருந்து எண்ணெயும் சாரமும் எடுப்பதும் அதன் நெடுநாளைய பணிகள். மாம்பழத் தோல் முதலான வேளாண் கழிவுகளிலிருந்து விலங்குத் தோலுக்கு மாற்றான பொருளையும் அங்கே உருவாக்கியிருக்கிறார்கள். தோலிலிருந்து தோல் செய்வது தமிழில் சொல்லும்போது வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

கேரளத்திற்குச் சாரம் எடுக்கும் தொழில் புதிதன்று. கோலஞ்சேரியில் 1972இல் தொடங்கிய சிந்தைட் நிறுவனம் முதலாக, மிளகு, இஞ்சி, மஞ்சள் ஆகியவற்றின் ஓலியோரெசினை உலகிற்கு அனுப்புவதில் இம்மாநிலம் முன்னிற்கிறது. அச்சந்தையில் ஒரு வழக்கம் உண்டு. மிளகுச் சாரத்தை வாங்குபவர் எடையை மட்டும் பார்ப்பதில்லை. பைப்பரின் இத்தனை விழுக்காடு, ஆவியாகும் எண்ணெய் இத்தனை விழுக்காடு என்ற அளவீட்டின் பேரில்தான் விலை பேசுகிறார். பழத்தோல் சாரத்திற்கும் இதே நியதிதான்.

மாம்பழத்தை எடுத்துக்கொள்வோம். கிருஷ்ணகிரி வட்டாரத்து மாங்கூழ் ஆலைகளில் பெங்களூரா எனப்படும் தோத்தாபுரி பழங்கள் மலைபோல் வந்து இறங்குகின்றன. கூழ் டப்பாவுக்குள் போக, தோலும் கொட்டையும் வெளியே வருகின்றன. மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிவியலாளர்கள் ரஸ்புரி, பாதாமி ஆகிய இரு வகை மாம்பழத் தோல்களை ஆராய்ந்து 2007இல் முடிவுகளை வெளியிட்டனர். உலர்ந்த தோல் ஒரு கிராமில் பாலிபீனால்கள் 55 முதல் 110 மில்லிகிராம் வரை இருந்தன. காய்த்தோலில் பாலிபீனால் மிகுதி. பழுத்த தோலில் கரோட்டினாய்டு நிறமிகளும் நார்ச்சத்தும் மிகுதி.

வணிகவியல் படித்தவன் கண்ணுக்கு இதில் முதலில் படுவது 55க்கும் 110க்கும் உள்ள இடைவெளிதான். ஒரு டன் ஈரத்தோலில் நான்கில் மூன்று பங்கு நீர் என்று கொண்டால், உலர்பொருள் 250 கிலோ. அதிலுள்ள பாலிபீனால் ஏறக்குறைய 14 கிலோவாகவும் இருக்கலாம், 27 கிலோவாகவும் இருக்கலாம். ஆள்கூலி, கரைப்பான், தவணை எல்லாம் ஒன்றுதான். வரவு மட்டும் பாதியாகிறது. அந்த 14 கிலோவும் முழுமையாகக் கைக்கு வந்துவிடாது. பிரித்தெடுக்கும் ஒவ்வொரு படியிலும் ஒரு பகுதி இழப்பாகும்.

அடுத்தது உலர்த்துதல். உரித்த தோல் நெடுநேரம் காத்திருக்காது. அதிலுள்ள நொதிகள் பாலிபீனால்களைச் சிதைத்துத் தோலைக் கறுக்கச் செய்கின்றன. விரைவில் புளிப்பு வாடையும் வரும். வெயிலில் காயவைக்கலாம் என்றால், ஜூன் மாதம் கேரளத்தில் வெயிலை எங்கே தேடுவது? மேற்சொன்ன ஒரு டன் தோலைப் பத்து விழுக்காடு ஈரத்துக்குக் கொண்டுவர 720 கிலோவுக்கு மேல் நீரை ஆவியாக்க வேண்டும். வெப்பம் சிறிதும் வீணாகாத நிலையிலும் அதற்குச் சுமார் 450 யூனிட் மின்சாரத்துக்கு நிகரான ஆற்றல் வேண்டும். நடைமுறையில் இன்னும் கூடுதலாகும். இலவச மூலப்பொருளின் விலை இதுவே. பருவமோ சில மாதங்கள். தவணையோ பன்னிரண்டு மாதமும் உண்டு.

உலர்ந்த பொடியை நீர் கலந்த எத்தனாலில் ஊறவைத்து, வடித்து, குறைந்த அழுத்தத்தில் கரைப்பானை நீக்கினால் சாரம் கிடைக்கும். எத்தனாலை வாங்கி வைக்க ஆயத்தீர்வைத் துறையின் உரிமமும், தீத்தடுப்பு ஏற்பாடுகளும் தேவை.

இனி ஆய்வகம். பாலிபீனாலை அளக்கப் பரவலாகக் கையாளப்படுவது ஃபோலின்–சியோகால்டோ முறை. கரைசல் நீலமாக மாறும். நீலத்தின் செறிவை ஒளிமானியில் அளந்து, காலிக் அமிலத்தோடு ஒப்பிட்டு அளவு சொல்வர். செலவு குறைவு. ஆனால் வைட்டமின் சி, சில சர்க்கரைகள் முதலியனவும் அதே வினையில் ஈடுபடுவதால், இருப்பதைவிட மிகுதியாகக் காட்டக்கூடும். மற்றொன்று டி.பி.பி.எச். சோதனை. ஊதா நிறக் கரைசல் எவ்வளவு வெளிறுகிறது என்று பார்த்து ஆக்சிஜனேற்றத் தடுப்புத் திறனை மதிப்பிடுவர். அது சோதனைக் குழாயில் நிகழ்வது. மனித உடலிலும் அதே பயன் விளையும் என்பதற்குச் சான்றாகாது. மாம்பழத்திலுள்ள மாங்கிஃபெரின் போன்ற குறிப்பிட்ட சேர்மம் எத்தனை விழுக்காடு என்று அறிய எச்.பி.எல்.சி. கருவி வேண்டும். அது கலவையின் கூறுகளைத் தனித்தனியே பிரித்து அளக்கும். தரமறிந்து வாங்குபவர் கேட்பது இந்த அறிக்கையைத்தான். கூடவே பூச்சிக்கொல்லி எச்சம், கன உலோகங்கள், கரைப்பான் எச்சம் ஆகியவற்றின் அளவும் வேண்டும். தோட்டத்தில் தெளித்த மருந்து முதலில் படிவது தோலின் மீதல்லவா?

உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் ஊட்டப்பொருள்களுக்கென 2016இல் விதிமுறைகளை வெளியிட்டுள்ளது. நோயைக் குணப்படுத்தும் என்று உணவுப்பொருளின் உறையில் அச்சிட இடமில்லை. ‘சர்க்கரை நோய் தீரும்’ என்ற விளம்பரத்தை நம்பி வரவு மதிப்பிட்டிருந்தால் அந்தப் பக்கத்தை நீக்கிவிடுவது நலம்.

என் கருத்தில், சிறுதொழில் முனைவோர் நேரே சாரத்திற்குப் போகாமல் உலர்தோல் பொடியில் தொடங்கலாம். தரம் அளந்த பொடியைச் சாரம் எடுக்கும் ஆலைகளுக்கு விற்கலாம். கொட்டைப் பருப்பையும் விட்டுவிட வேண்டாம். சாக்லேட்டில் ஐந்து விழுக்காடு வரை சேர்க்க ஐரோப்பிய ஒன்றியம் அனுமதித்துள்ள ஆறு தாவரக் கொழுப்புகளுள் மாங்கொட்டைக் கொழுப்பும் ஒன்று. 2020இல் தொடங்கப்பட்ட, குறு உணவுத் தொழில்களை முறைப்படுத்தும் பிரதமரின் திட்டத்தில், தகுதியுள்ள திட்டச் செலவில் 35 விழுக்காடு, அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய், கடனோடு இணைந்த மானியமாக வகுக்கப்பட்டுள்ளது. முனைவோரின் பங்கு குறைந்தது 10 விழுக்காடு. நடப்பாண்டு நிலவரத்தைக் கிளையில் கேட்டறிந்த பிறகு இயந்திரத்திற்கு முன்பணம் கொடுக்கவும்.

விண்ணப்பத்தோடு மூன்று ஆய்வறிக்கைகளைக் கொண்டுவாருங்கள்: பருவத் தொடக்கம், நடு, இறுதி என ஒவ்வொன்றிலும் ஒன்று. மூன்றும் ஒரே ஆலையின் தோலாக, ஒரே முறையில் உலர்த்தியதாக இருக்கட்டும். நன்றாகக் காய்ந்த மேல் அடுக்கிலிருந்து மட்டும் ஒரு கைப்பிடி எடுத்து அனுப்பாமல், குவியலின் பல இடங்களிலிருந்தும் எடுத்துக் கலந்து அனுப்புங்கள். வரவை மதிப்பிடும்போது மூன்றில் மிகக் குறைந்த எண்ணையே நாங்கள் எடுத்துக்கொள்வோம்.