குடும்பப் பெயர்கள் குறைவது எவ்வாறு?

தமிழர் தம் பெயருக்கு முன்னே எழுதும் தலைப்பெழுத்து பெரும்பாலும் தந்தையின் பெயரைக் குறிப்பது. மகன் காலத்தில் அது மாறும்; பேரன் காலத்தில் மீண்டும் மாறும். ஆகவே ஒரு பெயர் பல தலைமுறை பெருகி ஊரெல்லாம் பரவுவதோ, ஆண்மகவு இன்மையால் அற்றுப்போவதோ நாம் எண்ணிப் பார்க்கும் பொருள் அன்று. குடும்பப் பெயரைத் தந்தை வழியே காத்துவரும் நாடுகளில் இது பெரியதோர் ஆராய்ச்சிக்கே இடமளித்திருக்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் புகழ்பெற்ற பழங்குடும்பங்கள் பல வாரிசின்றி மறைந்துவந்தன. சுகவாழ்வு அவர்தம் வமிசத்தைக் குன்றச் செய்தது என்று கருதினோர் உண்டு. பிரான்ஸிஸ் கால்ட்டன் என்ற அறிஞருக்கோ வேறோர் ஐயம் எழுந்தது. எவ்விதக் குறைபாடும் இல்லாமல், வெறும் தற்செயலாலேயே இத்தனை பெயர்கள் மறையக்கூடுமோ? 1873-இல் இவ்வினாவை ஒரு கல்விப் பத்திரிகையில் வெளியிட்டார். கணிதத்தில் வல்லவரான ஹென்றி வாட்ஸன் என்ற பாதிரியார் விடை காண முற்பட்டார். 1874-இல் இருவரும் சேர்ந்து எழுதிய கட்டுரை வெளிவந்தது.

கணக்கின் உட்பொருளை அறிய ஓர் எடுத்துக்காட்டு போதும். ஓர் ஊரில் நூறு ஆடவர். அவர்களுக்கு நூறு வெவ்வேறு குடும்பப் பெயர்கள். கால்பங்கினருக்கு ஆண்மக்கள் இல்லை. பாதிப் பேருக்கு ஒரு மகன். எஞ்சியோருக்கு இரு புதல்வர் என்று கொள்வோம். அடுத்த தலைமுறையிலும் ஆடவர் நூறு பேரே. ஆனால் பெயர்கள் 75 ஆகிவிட்டன. இதே விகிதம் நீடிப்பின் இரண்டாம் தலைமுறையில் சுமார் 61 பெயர்களும், மூன்றாவதில் சுமார் 52 பெயர்களுமே எஞ்சும். ஊரில் ஒருவரும் குறையவில்லை. பெயர்களில் ஏறத்தாழப் பாதி போய்விட்டது! மறைந்த பெயரின் இடத்தை மற்றப் பெயர்கள் நிரப்பிக்கொள்கின்றன.

மக்கள் பெருகும் நாட்டிலும் எல்லாப் பெயர்களும் முடிவில் மறைந்தே தீரும் என்று வாட்ஸன் முடிவு கட்டியது பிழை. தந்தை ஒருவருக்குச் சராசரி ஒன்றுக்கு மேற்பட்ட மகன்கள் இருப்பின், ஒரு பெயர் நிலைத்து வாழவும் வாய்ப்புண்டு. பியெனமே என்ற பிரெஞ்சு அறிஞர் 1845-லேயே இதைச் சரியாகக் கூறியிருந்தார். அவர் கூற்று நெடுங்காலம் மறக்கப்பட்டுக் கிடந்தது.

ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேலாகக் குடும்பப் பெயர் வழங்கும் சீனாவில் வாங், லீ, ஜாங் என்ற மூன்று பெயர்களுக்குள்ளேயே மக்களில் ஐந்திலொரு பங்கினர் அடங்கிவிடுகின்றனர். கொரியாவில் கிம் என்ற ஒரு பெயரே ஐவரில் ஒருவருக்கு உரியது. எனினும் கொரியாவின் நிலையைத் தற்செயல் ஒன்றின்மேல் சுமத்துவது தகாது. பெயரின்றி இருந்த எளிய மக்கள் பிற்காலத்தில் பெருங்குடியினரின் பெயர்களையே விரும்பி ஏற்றனர் என்பதும் அதற்குக் காரணமாகும்.

ஜப்பானின் வரலாறு வேறு. அங்கே பொதுமக்கள் குடும்பப் பெயர் வைத்துக்கொள்ள அரசாங்கம் அனுமதி அளித்தது 1870-இல்தான். 1875-இல் அது கட்டாயமாயிற்று. வயல் நடுவே என்று பொருள்படும் தனாகா, மலையடி என்று பொருள்படும் யமாமோத்தோ போன்று நிலத்தையும் நீரையும் ஒட்டிய பெயர்கள் மிகுதி. இன்றும் அந்நாட்டுப் பெயர்கள் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவை என்பர். பெயர் அற்றுப்போகாதிருக்க அவர்கள் கண்ட வழியும் சுவையானது. ஆண்மகவு இல்லாத வீட்டில் மருமகனைச் சுவீகாரம் செய்து, தம் பெயரை அவனுக்குச் சூட்டிவிடுவர். மாருதி கார் வாயிலாக நம் நாட்டிலும் அறிமுகமான ஒசாமு சுசுகி, பிறப்பால் மட்சுதா குடும்பத்தவர். மணம் புரிந்து சுசுகி ஆனவர்.

ஆயினும் 1970-களின் நடுப்பகுதி முதல் ஜப்பானியத் தாய் ஒருத்திக்குப் பிறக்கும் குழந்தைகள் சராசரி இரண்டுக்கும் குறைவு. பியெனமே கண்ட வாய்ப்பு அங்கே இல்லை. இதனுடன் சட்டமும் சேர்ந்துகொண்டது. 1898 ஆம் ஆண்டின் குடிமைச் சட்டம் கணவனும் மனைவியும் ஒரே பெயர் தாங்க வேண்டும் என்றது. 1947-இல் திருத்தியபோது இருவரில் எவர் பெயரையும் கொள்ளலாம் என்றனர். நடைமுறையில் நூற்றுக்கு 95 அளவில் மனைவியரே பெயர் மாற்றிக்கொண்டனர்.

இச்சட்டம் மாறாதிருந்தால் 2531 ஆம் ஆண்டில் ஜப்பானியர் அனைவரும் சாத்தோ என்ற பெயரினராகவே இருப்பர் என்று 2024-இல் தோஹோக்கு பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹிரோஷி யோஷிதா கணக்கிட்டார். 2023-இல் சாத்தோக்கள் மக்களில் சுமார் 1.5 சதவீதத்தினரே. ஓராண்டுப் பெருக்கத்தை ஐந்நூறு ஆண்டுக்கு நீட்டிய இக்கணக்கை ஆரூடமாகக் கொள்ளுதல் வேண்டா. தம்பதியர் தத்தம் பெயரையே வைத்துக்கொண்டாலும் குழந்தைக்கு வருவது ஒரு பெயர்தான். ஆகவே சட்டத்தை மாற்றினால் பெயர்களின் மறைவு மெதுவாகுமேயன்றி நின்றுவிடாது. ஆனால் பிறந்த பெயரிலேயே தொழில் செய்து பேர் எடுத்த பெண்ணுக்கு அது ஐந்நூறு ஆண்டுக்குப் பிந்திய கணக்கு அன்று. மண நாளன்றே எதிர்ப்படும் இழப்பு. அத்தகையோர் தொடுத்த வழக்கில், 2015-இல் ஜப்பானிய உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றே தீர்ப்பளித்தது. பதினைந்து நீதிபதிகளில் ஐவர் அதற்கு உடன்படவில்லை. அந்த ஐவருள் மூவர் பெண்கள். மன்றத்தில் அப்போது இருந்த பெண் நீதிபதிகளும் அந்த மூவரே.