உங்களுக்குத் தெரியுமா? கூட்டில் விழும் கிராஃபிஷ்

அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் பிப்ரவரி பிறந்தால் சதுப்பு நிலங்களில் கம்பிக் கூடுகள் இறங்கத் தொடங்கிவிடும். கூட்டில் விழுவது கிராஃபிஷ். பார்க்கச் சிங்கி இறாலின் குட்டி மாதிரி இருக்கும், வாழ்வது நன்னீரில். பண்ணைகளில் வளர்ப்பதும் உண்டு. இங்கே பேசுவது, அட்சஃபலயா ஆற்றுச் சதுப்பில் தானாக விளைவதைச் சாப்பாட்டுக்காகப் பிடிப்பதைப் பற்றி.

● இந்திய ஆறு குளங்களில் இயற்கையாக வாழும் கிராஃபிஷ் இனம் ஒன்றுகூட இல்லை. ஆப்பிரிக்கப் பெருநிலத்திலும் கிடையாது.

● கோடையில் சதுப்பு வற்றும்போது சிவப்புக் கிராஃபிஷ் நம் வயல் நண்டைப்போல வளை தோண்டி ஈர மண்ணுக்குள் இறங்கிவிடும். தோண்டிய மண்ணை உருண்டை உருண்டையாக வெளியே தள்ளி, வளைவாயைச் சுற்றிக் குட்டிக் கோபுரம் எழுப்பும். பெண் கிராஃபிஷ் வளைக்குள்ளேயே முட்டையிட்டு, முட்டைகளை வாலின் அடியில் ஒட்டவைத்துச் சுமக்கும். இலையுதிர் காலத்தில் நீர் ஏறியதும் குஞ்சுகளோடு வெளியே வரும்.

அதனால்தான் காட்டுக் கிராஃபிஷின் விளைச்சலைத் தீர்மானிப்பது ஆற்றின் நீர்மட்டம். மிசிசிப்பியும் ரெட் ஆறும் சேர்ந்து கொண்டுவரும் நீரில் ஏறத்தாழ 30 சதவீதம் அட்சஃபலயாவுக்குள் திருப்பிவிடப்படுகிறது. வடக்கே பனி உருகி, மழையும் பெய்து, அந்த நீர் சைப்ரஸ் மரக்காடுகளுக்குள் பரவி வாரக்கணக்கில் நின்றால் கூடு நிறையும். ஆறு கரைக்குள்ளேயே ஓடிவிட்டால், எவ்வளவு நல்ல இரை வைத்தாலும் பலனில்லை. புதியவர் கூடு வாங்கும் முன் ஆற்றின் நீர்மட்ட அறிவிப்பைப் பார்க்கப் பழக வேண்டும் என்பேன்.

● கூட்டின் சூட்சுமம் அதன் வாயில்தான். வெளிப்பக்கம் அகன்று உள்ளே போகப்போகக் குறுகும் புனல் அது. இரையின் வாடையைப் பிடித்து உள்ளே நுழைவது சுலபம். திரும்பி வரும் வழி கிராஃபிஷுக்குப் பிடிபடாது. கம்பி வலையின் அறுகோணக் கண் முக்கால் அங்குலத்துக்கு 11/16 அங்குலமாவது இருக்க வேண்டும் என்பது லூசியானா சட்டம். சிறியவை அந்தக் கண் வழியே தப்பிப்போய் வளரட்டும் என்பதே நோக்கம்.

● வீட்டுத் தேவைக்குப் பிடிப்பவர் அங்கே 35 கூடுகள் வரை வைக்கலாம். ஒரு நாளைக்கு 150 பவுண்டு, அதாவது சுமார் 68 கிலோ வரை எடுக்கலாம். அரசுப் பராமரிப்பில் உள்ள சில வனப்பகுதிகளில் வரம்பு இதைவிடக் குறைவு. ஆகவே இறங்கும் இடத்தின் விதியையும் தனியே கேட்டுக்கொள்வது அவசியம்.

● கூட்டை முழுவதுமாக நீரில் மூழ்கடிக்கக் கூடாது! எனக்குத் தெரிந்து, புதியவர் முதலில் படிக்க வேண்டிய பாடம் இதுதான். வெள்ளம் புகுந்த காட்டில் இலைகள் அழுகும். வெயில் ஏற ஏற நீர் கறுத்து, அதிலுள்ள ஆக்சிஜன் தீர்ந்துபோகும். வெளியில் திரியும் கிராஃபிஷ் செடியிலோ மரத்திலோ தொற்றி மேலே வந்து தப்பித்துக்கொள்ளும். கூட்டுக்குள் இருப்பது எங்கே போகும்? கூட்டின் மேல்முனை நீருக்கு வெளியே நின்றால் அது ஏறி வந்து காற்றைப் பிடித்துக்கொள்ளும். செவுள் ஈரமாக இருக்கும்வரை வெளிக்காற்றிலும் அதனால் உயிர் வாழ முடியும். தவறிக் கூட்டுக்குள் நுழைந்த ஆமைக்கும் பாம்புக்கும் அந்த மேல்முனைதான் மூச்சு. கூட்டை நாள் கணக்கில் பார்க்காமல் விடுவதும் கூடாது. ஓரிரு நாளுக்கு ஒருமுறை தூக்கிப் பார்த்துவிட வேண்டும்.

● இரையும் பருவத்துக்குப் பருவம் மாறும். நீர் குளிர்ந்திருக்கும்போது வெட்டிய மீன்தான் நன்றாக இழுக்கும். எண்ணெய்ச் சத்துள்ள மென்ஹேடன், ஷாட் மீன்கள் அங்கே வழக்கம். நீரின் வெப்பம் சுமார் 21 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிட்டால் மீன் சீக்கிரம் அழுகிவிடும். அப்போது தானியத்தில் செய்து விற்கும் இரைக்கட்டிகளுக்கு மாறிவிடுவார்கள்.

● பிடித்ததை வாளி நிறையத் தண்ணீரில் போட்டு வைப்பது பலரும் செய்வது. அசையாத அந்த நீரில் ஆக்சிஜன் தீர்ந்து, எல்லாமே மூச்சு முட்டிச் செத்துவிடும். வெங்காயச் சாக்கு மாதிரி வலைச் சாக்கில் கட்டி, மேலே ஈரக் கோணியைப் போர்த்தி, நிழலில் குளிர்ச்சியாக வைத்தாலே போதும்.

● சமைக்கும் முன் உப்புத் தண்ணீரில் போட்டால் குடல் சுத்தமாகிவிடும் என்று லூசியானாவில் பலரும் நம்புகிறார்கள். உப்பினால் அந்த வேலை நடப்பதில்லை. நல்ல தண்ணீரில் அலசினால் கிடைப்பதுதான் அதிலும் கிடைக்கும். குடல் காலியாக வேண்டுமானால், தீனி இல்லாமல் ஓடும் சுத்த நீரில் ஒரு நாளாவது, முடிந்தால் இரண்டு நாள், வைத்திருக்க வேண்டும்.

● வெந்தபின் வால் சுருளாமல் நீண்டிருந்தால் அது முன்பே செத்தது என்பதும் முழு உண்மை இல்லை. உயிரோடு பானைக்குள் போனதும் சில சமயம் நீண்ட வாலோடு வேகும். செத்ததை அடுப்புக்குப் போகும் முன்பே பொறுக்கி எறிவதுதான் சரியான முறை.

● பச்சையாகவோ அரைவேக்காட்டிலோ தின்னவே கூடாது. நுரையீரலைத் தாக்கும் தட்டைப்புழு கிராஃபிஷின் உடலில் இருக்கலாம். மிசூரி மாநிலத்தில் ஆற்றுப் படகுப் பயணங்களின்போது பச்சைக் கிராஃபிஷை விழுங்கியவர்களுக்கு இந்த நோய் வந்தது மருத்துவப் பதிவுகளில் இருக்கிறது.

● உயிரோடு பிடித்ததை வேறொரு நீர்நிலையில் விடுவது பெருந்தீங்கு. லூசியானாவின் சிவப்புக் கிராஃபிஷ் 1927இல் தவளைப் பண்ணைக்குத் தீனியாக ஜப்பானுக்குப் போனது. அங்கிருந்து சீனா சென்றது. 1970இல் கென்யாவின் நைவாஷா ஏரி, 1973இல் ஸ்பெயின். போன இடமெல்லாம் பெருகி, நீர்ச்செடிகளைத் தின்று, கரைகளைத் துளைத்தது. இங்கிலாந்தில் இதே துயரம் வேறோர் இனத்தால் நேர்ந்தது. பண்ணைக்காக 1970களில் கொண்டுவந்த அமெரிக்க சிக்னல் கிராஃபிஷ் ஒரு பூஞ்சை போன்ற தொற்றைப் பரப்பியது. அதற்கு இரையாகி, அந்த மண்ணின் வெண்கால் கிராஃபிஷ் ஆறு ஆறாக அழிந்துகொண்டிருக்கிறது. இன்று அங்கே கூடு வைக்கச் சுற்றுச்சூழல் முகமையின் அனுமதி வேண்டும். நீர்நாய் உள்ளே மாட்டாதபடி கூட்டின் வாய் 95 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. பிடித்த சிக்னலைத் திரும்ப நீரில் விடுவதும் குற்றம். ஈரக் கூட்டை அப்படியே அடுத்த ஆற்றுக்கு எடுத்துப்போனால் தொற்றும் கூடவே போகும். அதனால் கழுவி நன்றாகக் காயவைத்த பிறகே இடம் மாற்ற வேண்டும்.

● ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியத் தீவில் 6 கிலோ வரை எடை பதிவான ராட்சதக் கிராஃபிஷ் உண்டு. அதைப் பிடிப்பதற்கு 1998 முதல் தடை.

● லூசியானாவின் ப்ரோ பிரிட்ஜ் ஊரை 'உலகக் கிராஃபிஷ் தலைநகர்' என்று மாநிலச் சட்டமன்றம் 1959இல் அறிவித்தது. 1983இல் கிராஃபிஷே மாநிலச் சின்னங்களில் ஒன்றானது.

● கிலோக் கணக்கில் பிடித்தாலும் வால் சதை தேறுவது எடையில் சுமார் 15 சதவீதம்தான். ஐந்து கிலோவுக்கு முக்கால் கிலோ! மிளகாய், எலுமிச்சை, பூண்டு, உருளைக்கிழங்கு, சோளக்கதிர் எல்லாம் சேர்த்துப் பெரிய பானையில் கொதிக்கவிட்டு, சில நிமிடங்களில் அடுப்பை அணைத்துவிடுவார்கள். காரம் இறங்குவது அதற்குப் பிறகு, அந்தச் சூட்டு நீரில் கால் மணி நேரத்துக்கு மேல் ஊறும்போதுதான். ஊறியதை நீர் வடித்து, செய்தித்தாள் விரித்த மேசையில் கொட்டி, சுற்றி நின்று கையாலேயே உரித்துச் சாப்பிடுவார்கள். தலைக்குள் இருக்கும் மஞ்சள் கொழுப்பை உறிஞ்சத் தெரிந்தவருக்கு ருசி இரட்டிப்பு.