கணினி நிரலர் மாநாடும் மாணவர் தொண்டும்



மாநாடு என்ற சொல்லைக் கேட்டவுடன் மேடையும் மாலையும் நெடிய சொற்பொழிவுகளும் நம் நினைவிற்கு வருகின்றன. இன்று நான் பேச எடுத்துக்கொண்ட மாநாடு அத்தகையதன்று. கணினிக்கு வேண்டிய மென்பொருள்களை ஆக்குவோர் ஓரிடத்தில் கூடித் தம் வேலையைப் பற்றித் தமக்குள் ஆராயும் கூட்டம் அது. அங்கே சென்று கேட்பது எவ்வாறு, தொண்டு புரிவது எவ்வாறு, அவற்றால் உங்களுக்கு விளையும் பயன் யாது என்பவற்றை எடுத்துரைப்பதே என் நோக்கம்.

ஓர் ஐயம் எழலாம். நொடிப்பொழுதில் மடல் கடல் கடக்கும் இக்காலத்தில், கணினி வல்லுநர்கள் எதற்காக ஊர் விட்டு ஊர் வந்து நேரில் கூட வேண்டும்? இதற்கு நம் தமிழின் வரலாற்றிலேயே விடை உண்டு.

கணினி எழுத்தை எண்ணாகவே அறியும். எந்த எண் எந்த எழுத்தைக் குறிக்கும் என்பதில் முன்னரே ஓர் உடன்பாடு வேண்டும். 1963ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வகுக்கப்பட்ட ஆஸ்கி என்னும் குறியீட்டு முறையில் 128 இடங்களே இருந்தன. ஆங்கில எழுத்துகளும் எண்களும் சில குறிகளும் அவற்றை நிரப்பிவிட்டன. நம் புதுச்சேரியின் தெருப்பலகைகளில் காண்கிறோமே, தலையில் சாய்கோடு பெற்ற பிரஞ்சு எழுத்து, அதற்குக்கூட அங்கே இடமில்லை. தமிழுக்கு இடம் ஏது?

பின்னர் 256 இடங்கள் கொண்ட முறைகள் வந்தன. அப்போது எழுத்துரு ஆக்கியோர் ஒவ்வொருவரும் தத்தம் விருப்பப்படி தமிழ் எழுத்துகளை அவ்விடங்களில் அமைத்தனர். அதனால், சென்னையில் ஒருவர் ஓர் எழுத்துருவில் எழுதியனுப்பிய மடல், அவ்வெழுத்துரு இல்லாத சிங்கப்பூர்க் கணினியில் பொருளற்ற குறிகளின் குவியலாகத் தோன்றியது. மொழி ஒன்றே, ஆயினும் ஒருவர் எழுதியதை மற்றவர் படிக்க இயலவில்லை.

இக்குறையைத் தனியொருவரின் அறிவு மட்டும் தீர்த்துவிட முடியாது. பலருடைய இசைவு வேண்டும். இசைவோ கூடிப் பேசினாலன்றி எளிதில் வாராது. ஆதலின் 1997ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் தமிழ் இணைய மாநாடு கூடியது. 1999இல் சென்னையில் நடந்த மாநாட்டின் பயனாகத் தமிழ்99 என்னும் பொது விசைப்பலகை கிடைத்தது. 2000ஆம் ஆண்டில் ‘உத்தமம்’ என்னும் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் அமைந்தது. உலக மொழிகளின் எழுத்துகளுக்குத் தனித்தனி எண் வழங்கும் ஒருங்குறி முறையைத் தமிழக அரசு 2010இல் ஏற்றுக்கொண்டது. 2014ஆம் ஆண்டு செப்டம்பரில் இம்மாநாடு நம் காலாப்பட்டிலுள்ள புதுவைப் பல்கலைக்கழகத்திலேயே நடைபெற்றது. அப்போது பணியிலிருந்த நான் பார்வையாளனாகச் சென்று கேட்டேன்.

இங்கு ஒன்றைக் கருத வேண்டும். இம்முயற்சிக்கு முன்னின்றவர்களுள் ஒருவரான சிங்கப்பூர் நா. கோவிந்தசாமி ஒரு தமிழாசிரியர், சிறுகதை எழுத்தாளர். கணினியில் தமிழ் ஏறியது பொறியியல் கற்றவர்களால் மட்டும் அன்று. மொழி கற்றவர்களும் உடன் நின்றனர்.

மற்றொரு வகை மாநாடும் உண்டு. மென்பொருளின் மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறர்க்கு வழங்கலாம் என்னும் கொள்கையுடையோர் கூடுவது அது. 1993இல் தொடங்கிய டெபியன் என்னும் இயங்குதளத்தை உலகெங்கும் பரவியுள்ள தன்னார்வலர்கள் ஆக்கி வருகின்றனர். அவர்களுடைய முதல் மாநாடு 2000ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டுப் போர்தோ நகரில் நடந்தது. 2023ஆம் ஆண்டு செப்டம்பரில் கேரளத்துக் கொச்சியில் கூடியது. அதற்கு முன்பே, அவ்வாண்டு சனவரி 28, 29 ஆகிய நாள்களில், நமக்கு ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள விழுப்புரத்தில் சிறு டெபியன் மாநாடு ஒன்று நடந்தது. பெருநகரங்களுக்கே உரியது என்று கருதப்பட்ட ஒன்று, விழுப்புரத்து ஆர்வலர்களின் முயற்சியால் நம் பக்கத்து ஊருக்கு வந்தது.

இனித் தொண்டைப் பற்றிச் சொல்கிறேன். இத்தகைய மாநாடுகளில் மிகுதியான வேலைகளைச் செய்வோர் ஊதியம் பெறாத தொண்டர்களே. வருவோரைப் பதிவு செய்து பெயரட்டை வழங்குதல், பேச்சாளரை அவையோர்க்கு அறிமுகம் செய்தல், முடிக்கும் நேரத்தை அட்டை காட்டி உணர்த்துதல், வினா எழுப்புவோரிடம் ஒலிவாங்கியைக் கொண்டு சேர்த்தல், பேச்சைப் படமெடுத்தல் எனப் பணிகள் பல. டெபியன் மாநாட்டில் உரைகளைப் படமெடுத்து இணையத்தில் ஒளிபரப்புவதும் தன்னார்வலர் வேலையே. அறியாதவர்க்கு அங்கேயே கற்றுத் தருவர். தேர்ந்த நிரலரும் நேற்றுவந்த மாணவரும் அடுத்தடுத்து நின்று அவ்வேலைகளைச் செய்வர்.

ஓய்வு பெற்ற பின் நானும் இத்தகைய கூட்டங்களில் பதிவு மேசையில் அமர்ந்திருக்கிறேன். ஒருமுறை கலைக் கல்லூரி மாணவி ஒருத்தி, “எனக்கு நிரல் எழுதத் தெரியாதே, ஐயா, நான் இங்கே என்ன செய்வது?” என்று வினவினாள். “நேரம் பார்க்கத் தெரியும் அல்லவா?” என்று சொல்லி, நேர அட்டைகளை அவளிடம் கொடுத்தேன். மாலையில், பேச்சாளர் ஒருவரிடம் அவள் கேட்ட வினா இது: “ஒரே பொருளை ஒரு மென்பொருள் ‘அமைப்புகள்’ என்கிறது, மற்றொன்று ‘அமைவுகள்’ என்கிறது. என் தாயார் எதைக் கற்பது?” அவர் சற்று நேரம் எண்ணிப் பார்த்தார், பிறகு, தமிழாக்கம் செய்யும் குழுவில் சேருமாறு அவளை அழைத்தார். நிரல் அறிந்தோர் பலர் இருந்த அவையில் அவ்வினாவை எழுப்பியது அவளுடைய மொழியறிவே.

இத்தகைய மாநாட்டிற்குச் செல்வோர் சிலவற்றைக் கருத்தில் கொள்க. நிகழ்ச்சி நிரலை முதல்நாளே படித்து, நாளொன்றுக்கு மூன்று அல்லது நான்கு உரைகளைத் தேர்ந்துகொள்ளுங்கள். எல்லாவற்றையும் கேட்க முயன்றால் எதுவும் மனத்தில் நில்லாது. ஐந்து நிமிடங்களில் முடியும் ‘மின்னல் உரை’களைத் தவறவிடாதீர்கள், புதியவர் மேடையேற அவையே வாயில். உரைகளுக்கு இடையே தேநீர் அருந்தும் வேளையில் ஒதுங்கி நில்லாதீர்கள். மடல்வழி அறிந்தவர்கள் முகமறிந்து நட்புக் கொள்வது அப்போதுதான். ஆங்கிலம் சரளமாக வரவில்லையே என்று அஞ்ச வேண்டா. தெளிவான வினா எம்மொழியில் இருந்தாலும் மதிக்கப்படும்.

வீடு திரும்பிய பின் செய்ய வேண்டியது ஒன்றுண்டு. நீங்கள் பயன்படுத்தும் கட்டற்ற மென்பொருளில் ஒரு பிழையைக் கண்டால், என்ன செய்தபோது அது நேர்ந்தது, என்ன நேர்ந்திருக்க வேண்டும், என்ன நேர்ந்தது என்னும் மூன்றையும் வரிசையாக எழுதி ஆக்கியோர்க்கு அறிவியுங்கள். பொருந்தாத தமிழ்ச்சொல் கண்டால் பொருந்தும் சொல்லைக் கூறுங்கள். இதற்குப் பட்டம் தேவையில்லை. கவனமும் பொறுமையுமே தேவை.

கணினி இனி மருத்துவமனையிலும் வங்கியிலும் வயலிலும் நம் மக்களோடு பேசப்போகிறது. அது தமிழில் பேசுமா, பேசினாலும் நம் தாய்மார்க்கு விளங்கும் தமிழில் பேசுமா என்பது, இத்தகைய கூட்டங்களில் யார் யார் அமர்ந்திருக்கிறார்கள் என்பதையும் பொறுத்தது. தமிழ் அறிந்த இளைஞர் அங்கே இல்லையாயின், தமிழ் அறியாதவர் தமக்குத் தோன்றியவாறு அமைத்துவிடுவர். ஆகவே, அடுத்த மாநாடு அருகில் எங்கேனும் நடைபெறும் என்று அறிந்தால், கேட்போராக மட்டும் செல்லாது, தொண்டராகவும் பெயர் கொடுங்கள். முதல்நாள் நாற்காலி அடுக்கும் பணி கிடைத்தாலும் மகிழ்ந்து செய்யுங்கள். அங்கிருந்து மற்றவற்றைக் கற்றுக்கொள்ளலாம்.