வாசலில் நிறுத்தப்பட்ட மாணவி

லேக் மார்க்கெட் பக்கம் குடியிருக்கும் நம்மவர்க்கு வட கல்கத்தாவுக்குச் செல்லும் அவசியம் அதிகமாக ஏற்படுவதில்லை. எனினும் கலாசாலைப் பருவத்துப் பெண்ணை உடைய குடும்பத்தார் ஒரு முறையேனும் பிதான் சரணி வழியே ஹெதுவா குளக்கரை வரை போய் வருதல் நலம். குளத்துக்கு எதிரே நிற்கும் பெத்யூன் கலாசாலையில் நடந்த ஒரு வரலாற்றை நாம் அறிந்திருக்க வேண்டும்.

1849-ல் டிரிங்க்வாட்டர் பெத்யூன் என்ற ஆங்கிலேயர் சிறுமியர்க்கென நிறுவிய பள்ளியிலிருந்து வளர்ந்தது அக்கலாசாலை. ஹிந்துக் குடும்பத்தார் தம் பெண்களை அச்சமின்றி அனுப்பவேண்டுமென்று கருதி, பிற மதத்துப் பெண்களை அங்கே சேர்ப்பதில்லை என்ற ஏற்பாடு இருந்தது. காரணத்தை நாம் குறை கூறுவதற்கில்லை. ஆனால் ஒருவர்க்குத் திறந்த கதவு மற்றொருவர்க்கு அடைபட்டது.

அவ்வாறு வெளியே நின்றவர் சந்திரமுகி பாசு. டேராடூனில் வாழ்ந்த வங்காளக் கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண். 1876-ல் அவர் பிரவேசப் பரீட்சை எழுத விரும்பியபோது கல்கத்தா சர்வகலாசாலை திகைத்தது. பெண்ணொருத்தி பரீட்சைக்கு வருவாள் என்று அதன் விதிகளை வகுத்தோர் எண்ணவில்லை போலும்! எழுதலாம், ஆனால் தேறினாலும் பட்டியலில் பெயர் வெளிவராது என்பது முடிவாயிற்று. அவர் தேறும் தகுதியைப் பெற்றார்; பட்டியலில் பெயர் இல்லை. 1878-ல்தான் பெண்களுக்குப் பரீட்சை முறைப்படி அனுமதிக்கப்பட்டது.

பெத்யூனில் இடம் கிடையாமையால் பாதிரிமார் நடத்திய ஃப்ரீ சர்ச் கலாசாலையில் பயின்று, 1880-ல் எஃப்.ஏ. தேறினார். பின்னர் பெத்யூனின் கட்டுப்பாடும் தளர்ந்தது. அங்கே பி.ஏ. பயின்று, 1883 பட்டமளிப்பு விழாவில் காதம்பினி பாசுவுடன் சேர்ந்து பட்டம் பெற்றார். இந்தியாவின் முதல் பெண் பட்டதாரிகள் இவ்விருவரே. ஆக்ஸ்போர்டு 1920-லும், கேம்பிரிட்ஜ் 1948-லுந்தான் பெண்களுக்குப் பட்டம் வழங்க இசைந்தன என்பதை இங்கே நினைவுகூரலாம். 1884-ல் சந்திரமுகி எம்.ஏ.யும் தேறியபோது, வித்தியாசாகர் ஷேக்ஸ்பியரின் நூல்களைப் பரிசாக அனுப்பி மகிழ்ந்தார்.

கல்கத்தாவே எல்லாவற்றிலும் முந்தியது என்று நாம் கருதிவிட வேண்டா. மருத்துவம் பயில விரும்பிய வங்காளப் பெண் அபலா தாஸ், பிற்காலத்தில் ஜகதீச சந்திர போஸின் மனைவியானவர், 1882-ல் நம் சென்னைக்குத்தான் வந்தார். சென்னை மருத்துவக் கலாசாலை 1875-லேயே பெண்களை ஏற்றிருந்தது; இங்கோ அப்போது அந்த வாய்ப்பு இல்லை.

1886-ல் சந்திரமுகி பெத்யூனில் ஆசிரியையாக அமர்ந்தார். 1888-ல் பள்ளியிலிருந்து கலாசாலை தனியாகப் பிரிந்தபோது அதன் தலைமையையும் ஏற்றார். தென்னாசியாவில் பட்டப்படிப்புக் கலாசாலையொன்றின் தலைமையில் அமர்ந்த முதல் மாது அவரே. எந்த வாசலில் மதத்தின் பெயரால் இடம் மறுக்கப்பட்டதோ, அந்த வாசலுக்குள் யார் வரலாம் என்று பார்க்கும் பொறுப்பு அவர் கைக்கு வந்தது. உடல்நலக் குறைவால் 1891-ல் விலகினார். பதவிக் காலம் சிறிதுதான். பெரிய சட்டங்களை அவர் இயற்றியதாகச் சொல்வதற்கில்லை. ஆயினும், பெண் பயிலலாமா என்று ஊரார் வாதித்துக்கொண்டிருந்த நாளில், பெண் கற்பிக்கவும் நிர்வகிக்கவும் வல்லவள் என்பது அந்த நாற்காலியிலேயே தெரிந்தது. பின்னாளில் 1940-ல் லேடி பிராபோர்ன் கலாசாலையில் இரசாயனப் பகுதியைத் தொடங்கி நடத்திய அசீமா சட்டர்ஜி, 1975-ல் இந்திய விஞ்ஞானக் காங்கிரசின் முதல் பெண் தலைவரானார்.

2013-ல், 137 ஆண்டுகள் கழிந்தபின், கல்கத்தா சர்வகலாசாலை சந்திரமுகியின் பிரவேசப் பரீட்சைச் சான்றிதழை வழங்கியது. பெற்றுக்கொள்ள அவர் இல்லை. 1944-லேயே காலமாகிவிட்டார்.