முதல் கேமிங் மவுஸ்: பெட்டியைப் பாருங்கள், பில்லைக் கேட்டு வாங்குங்கள்

25,600 டிபிஐ என்று பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். பக்கத்துப் பெட்டியில் 8,000. விலையில் சில நூறு ரூபாய்தான் வித்தியாசம் என்றால், முதன்முறை கேமிங் மவுஸ் வாங்குபவரின் கை பெரிய எண்ணை நோக்கித்தான் போகும். அந்தச் சில நூறும் வீண்.

மவுஸை ஓர் அங்குலம் நகர்த்தினால் திரையில் அம்புக்குறி எத்தனை புள்ளி நகரும் என்பதுதான் டிபிஐ. பல வீடுகளில் இருக்கும் ஃபுல் எச்டி திரையின் அகலம் 1,920 புள்ளி. 25,600-இல் வைத்தால், மவுஸை இரண்டு மில்லிமீட்டர்கூட அசைக்க வேண்டாம், அம்புக்குறி இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு ஓடிவிடும். எந்தக் கை இதைக் கட்டுப்படுத்தும்? குறிபார்த்துச் சுடும் விளையாட்டுகளில் தேர்ந்தவர்களே பெரும்பாலும் 400-லிருந்து 1,600-க்குள்தான் வைத்துக்கொள்கிறார்கள். மலிவு மவுஸ் சிலவற்றில், சென்சார் அளப்பது கொஞ்சம், மீதியைச் சிப் பெருக்கிக் காட்டும். சென்சாரின் பெயரைச் சொல்லாமல் எண்ணை மட்டும் பறைசாற்றும் பெட்டியைச் சந்தேகப்படுங்கள்.

கைக்குப் பொருந்துகிறதா என்பதே முதல் கேள்வி. சென்னையின் ரிச்சி தெரு மாதிரியான கணினிக் கடைத்தெருவில் நேரில் வாங்கினால், பிரித்து வைத்திருக்கும் மவுஸைக் கேட்டுக் கையில் பிடித்துப் பாருங்கள். உள்ளங்கை முழுதும் படிய வைப்பவருக்குப் பெரிய மவுஸ், விரல் நுனியால் பிடிப்பவருக்குச் சிறியது. பொருந்தாத மவுஸோடு தினமும் மணிக்கணக்கில் உட்கார்ந்தால் மணிக்கட்டு வலிக்கும், விரல் மரத்துப்போகும். வளரும் பிள்ளைகள் விஷயத்தில் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஆரம்பத்துக்கு வயர் உள்ளதே போதும் என்பது என் உறுதியான கருத்து. பேட்டரி கவலை இல்லை, விலையும் குறைவு. வயர்லெஸ்ஸில் இன்னொரு சிக்கலும் உண்டு. வயர்லெஸ் மவுஸுக்காகக் கணினியில் செருகும் டாங்கிள்கள் பலவற்றின் வழியாக, தொலைவிலிருந்தே ஒருவர் நம் கணினியில் தட்டச்சு செய்ய முடியும் என்று 2016-இல் பாஸ்டில் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் காட்டினார்கள். பெயர் தெரியாத மலிவு டாங்கிளை வாங்கும்போது இது நினைவில் இருக்கட்டும். மவுஸுக்கான மென்பொருளிலும் கவனம் தேவை. எண்ட்கேம் கியர் நிறுவனத்தின் ஒரு மவுஸுக்கான மென்பொருளில், 2025 ஜூன் கடைசியிலிருந்து ஜூலை 9 வரை, அந்நிறுவனத்தின் சொந்தத் தளத்திலேயே தீங்கு மென்பொருள் கலந்திருந்தது. நிறுவனமே அதை ஒப்புக்கொண்டது. இறக்கியதை வைரஸ் ஸ்கேன் செய்யாமல் திறக்காதீர்கள். மென்பொருள் இல்லாமலே மவுஸ் ஓடினால் மென்பொருளை இறக்காமலே விட்டுவிடுவது இன்னும் நல்லது.

மவுஸ் கெடும் விதங்களில் மிகச் சாதாரணமானது டபுள் கிளிக் கோளாறு. பொத்தானுக்கு அடியில் உள்ள சுவிட்சில் மெல்லிய உலோகத் தகடு ஒன்று இருக்கிறது. நாள்பட அது விறைப்பை இழக்கும், தொடும் இடம் தேயும். அப்போது ஒருமுறை அழுத்தினாலும் தகடு துள்ளி இரண்டுமுறை தொடும். கோப்பைத் தேர்ந்தெடுக்க ஒரு தட்டு தட்டினால் அது திறந்துகொள்ளும். இழுத்துக்கொண்டுபோகும் கோப்பு நடுவழியில் நழுவும். விளையாட்டில், ஒரு குண்டுக்குப் பதில் இரண்டு பாயும். வாங்கிய வாரத்தில் இது தெரியாது, மாதங்கள் கழித்தே தலைகாட்டும். ரிட்டர்ன் நாட்கள் அதற்குள் முடிந்திருக்கும். வாரன்டி ஒன்றுதான் கைகொடுக்கும்.

அதனால் பெட்டியின் பின்பக்கத்தைப் படியுங்கள். இறக்குமதியாளரின் பெயர், முகவரி, எம்ஆர்பி, தயாரான நாடு, புகார் சொல்ல வேண்டிய தொடர்பு விவரம் எல்லாம் அச்சாகியிருக்க வேண்டும் என்பது எடையளவுச் சட்டத்தின் கீழுள்ள விதி. இறக்குமதியாளர் முகவரி இல்லாத மவுஸுக்கு யாரிடம் போய் வாரன்டி கேட்பீர்கள்? "பில் வேண்டாம்னா நூறு ரூபா குறைச்சுக்கலாம்" என்று கடைக்காரர் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். பில் தராமலிருப்பதை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 நியாயமற்ற வணிக நடைமுறை என்கிறது. குறையுள்ள பொருளைத் திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பதும் அப்படியே. பில்லில் குறித்த காலத்துக்குள், காலம் குறிக்கவில்லையென்றால் 30 நாளுக்குள் பணத்தைத் திருப்பித் தர வேண்டும். "விற்ற பொருள் வாபஸ் இல்லை" என்ற முத்திரை, பழுதான பொருளுக்குச் செல்லாது.

ஆன்லைனில் வாங்கினால் பெட்டியைப் பிரிக்கும்போதே வீடியோ எடுங்கள். விற்பனைத் தளம் குறைதீர் அலுவலர் ஒருவரை வைத்திருக்க வேண்டும். அவர் புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பது 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதி. நழுவினால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள், தமிழிலும் பேசலாம். அங்கேயும் முடியவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை, நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே தொடுக்கலாம். இ-ஜாக்ரிதி தளத்திலும் பதியலாம். பிரச்சினை எழுந்து இரண்டு ஆண்டுக்குள் தொடுத்துவிட வேண்டும். பில், வாரன்டி அட்டை, நீங்கள் எழுதிய மெயில்கள், ஒரு தட்டு இரண்டாக விழுவதைக் காட்டும் செல்போன் வீடியோ ஆகியவற்றைச் சேர்த்து வையுங்கள். வீடியோவில் விரலும் திரையும் ஒன்றாகத் தெரிய வேண்டும்.