மயாமி கால்வாயில் தூண்டில்

அமெரிக்காவின் மயாமி நகரில் மீன்பிடிக்கப் படகு அமர்த்துகிறவர்களில் பெரும்பாலானோர் கடலுக்குத்தான் போவார்கள். ஆனால் அந்த நகரத்துக்குள்ளேயே இன்னொரு மீன்பிடிப் பயணம் உண்டு. சர்வதேச விமான நிலையத்துக்குத் தெற்கே ப்ளூ லகூன் என்று ஓர் ஏரி. ஓடுபாதையில் விமானங்கள் ஏறி இறங்குகிற இரைச்சல் அங்கே ஓய்வதில்லை. அந்த ஏரியும், அதோடு சேரும் தாமியாமி கால்வாயும், அப்பால் வீடுகளின் கொல்லைப்புறங்களை ஒட்டிப் போகிற நீர்வழிகளும்தான் மீன்பிடிக்கும் இடங்கள். உள்ளூர் வழிகாட்டிகள் சிறிய படகை வண்டியில் இழுத்துவந்து தண்ணீரில் இறக்குகிறார்கள். அவர்கள் தேடிப் போவது பீகாக் பாஸ் என்ற மீனை.

ஒருமுறை பார்த்தால் அதை மறக்க முடியாது. பொன்னும் பச்சையும் கலந்த உடல், முதுகிலிருந்து இறங்கும் மூன்று கரும்பட்டைகள், சிவந்த கண், செம்மஞ்சள் நிறத்தில் அடித்துடுப்புகள், வாலின் அடியில் பொன் வளையம் சூழ்ந்த ஒரு கரும்பொட்டு. பிறப்பிடம் தென் அமெரிக்காவின் வடபகுதி ஆறுகள். ஃப்ளோரிடாவுக்கு அது தானாக வரவில்லை. அது இந்த நகரத்தில் வாழ்வதற்கு மூன்று காரணங்கள்: ஒரு பாறை, அந்தப் பாறைக்குள் ஓடும் நீர், அரசு விஞ்ஞானிகள் எடுத்த ஒரு முடிவு. கால்வாயில் தூண்டில் போடுகிறவர் இந்த மூன்றின் மேலும்தான் போடுகிறார்.

சதுப்பை வெட்டிய நகரம்

தெற்கு ஃப்ளோரிடா ஒரு காலத்தில் பெரும் சதுப்புநிலம். ஓகிசோபி ஏரியிலிருந்து வழியும் நீர், புல்வெளி நடுவே மிக மெதுவாகத் தெற்கே நகர்ந்துகொண்டிருந்தது. எவர்கிளேட்ஸ் என்று அழைக்கப்படும் அந்தச் சதுப்பை வடித்து விளைநிலமும் வீட்டுமனையும் ஆக்கும் வேலை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வேகம் பிடித்தது. 1947இல் அடுத்தடுத்து வந்த புயல்களில் பெரும் பரப்பு நீரில் மூழ்கியது. மறு ஆண்டே அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு மாபெரும் வெள்ளத்தடுப்புத் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. இன்று தெற்கு ஃப்ளோரிடா நீர் மேலாண்மை அமைப்பின் பொறுப்பில் உள்ள கால்வாய்களின் நீளம் 3,000 கிலோமீட்டருக்கும் மேல். சி-2, சி-4, சி-9 என்று எண்ணிட்டு வைத்திருக்கிறார்கள். மீன்பிடிப்பவர்களும் அந்த எண்களைச் சொல்லித்தான் இடம் குறிக்கிறார்கள்.

மயாமியில் இந்தக் கால்வாய்கள் மண்ணில் தோண்டியவை அல்ல, பாறையில் வெட்டியவை. நீர்மட்டம் இறங்கும் மாதங்களில் படகைக் கரையோரம் நிறுத்தி வெட்டுச்சுவரை அருகில் பார்த்தால், வெளிறிய பாறை முழுக்கச் சின்னச் சின்ன உருண்டைகள் மீன் சினையைப் போல் ஒட்டிக்கிடப்பது தெரியும். சுமார் 1,25,000 ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் இன்றையதைவிடப் பல மீட்டர் உயரமாக இருந்தது. இன்றைய மயாமி அப்போது ஆழமற்ற வெதுவெதுப்பான கடலின் அடி. அலையில் உருண்ட துகள்களின் மேல் சுண்ணாம்பு படலம் படலமாகப் படிந்து உருண்டையாகி, பின்பு இறுகிப் பாறையானது. அதில் ஓட்டைகள் ஏராளம்; நீர் தடையின்றிப் புகுந்து வெளியேறும். மயாமி மக்கள் குடிக்கும் தண்ணீர் இந்தப் பாறைக்குள்தான் இருக்கிறது. பிஸ்கேன் நீர்த்தாங்கி என்று அதற்குப் பெயர்.

ஓட்டைப் பாறையில் ஓர் ஆபத்தும் உண்டு. பக்கத்திலேயே கடல் இருப்பதால் உப்புநீர் உள்ளே புகலாம். அதைத் தடுக்கத்தான் ஒவ்வொரு பெரிய கால்வாயும் கடலைத் தொடுவதற்கு முன் ஒரு மதகு வைத்திருக்கிறார்கள். கடல்நீர் நன்னீரைவிட ஏறக்குறைய இரண்டரை சதவீதம் கனமானது. அந்தச் சிறு வேறுபாட்டால், நிலத்தடி நன்னீரின் மட்டம் கடல்மட்டத்துக்கு 1 அடி மேலே நின்றால், கீழே சுமார் 40 அடி ஆழம் வரை உப்பு அண்டாது. அதனால் மழையற்ற மாதங்களில் மதகை மூடிக் கால்வாயில் நீரை உயர்த்தி வைக்கிறார்கள். பெருமழைக்கு முன் திறந்து வடிக்கிறார்கள். தூண்டில்காரருக்கு அந்த மதகு ஓர் எல்லைக்கோடு. மேல்பக்கம் நன்னீர் மீன்கள். கீழ்ப்பக்கம், மதகு திறக்கும்போது அடித்துவரப்படும் சிறுமீன்களுக்காகக் காத்திருக்கும் கடல் மீன்கள்.

படகில் ஏறினால்

கடல் பயணத்துக்கும் இதற்கும் நடைமுறையிலேயே ஒரு வேறுபாடு உண்டு. ஃப்ளோரிடாவில் கடலில் வாடகைப் படகுக்காரரின் உரிமமே பயணிகளுக்கும் செல்லும். நன்னீரில் அப்படி இல்லை. 16 வயதோ அதற்கு மேலோ ஆன ஒவ்வொருவரும், சட்டம் விலக்கு அளித்தவர் தவிர, சொந்தமாக மீன்பிடி உரிமம் வாங்கியாக வேண்டும்.

படகு சிறியது, தட்டையானது. பாலங்கள் தாழ்வானவை, சில இடங்களில் குனிந்துதான் கடக்க வேண்டும். இடம் வந்ததும் வழிகாட்டி பெரிய எஞ்சினை நிறுத்திவிட்டு, முன்பக்கத்தில் உள்ள சின்ன மின்மோட்டாரால் ஓசையில்லாமல் நகர்த்துவார். கண்கூச்சத்தை மட்டுப்படுத்தும் போலராய்டு கண்ணாடி அவர் கண்ணை விட்டு இறங்காது. நீர்ப்பரப்பில் பட்டுத் தெறிக்கும் ஒளியை அது வடித்துவிடும்; பாறைத் தரையும் அதன்மேல் நிற்கும் மீனும் தெரியும். சுண்ணாம்புப் பாறையில் வடிந்து வரும் நீர் பெரும்பாலும் தெளிவாக இருப்பதால் இது கைகூடுகிறது. பாலத்து நிழல், இரண்டு கால்வாய்கள் சந்திக்கும் முனை, மழைநீர்க் குழாயின் வாய், கால்வாய் முட்டி நிற்கும் கடைசி மூலை: இங்கெல்லாம் தூண்டிலை வீசச் சொல்வார். இரை உயிருள்ள சிறுமீனாக இருக்கலாம், சிறுமீனைப்போல் ஓடும் செயற்கை இரையாகவும் இருக்கலாம்.

கரையில் பச்சை உடும்பு போன்ற இகுவானாக்கள் வெயில் காயும். அவையும் வெளியிலிருந்து வந்தவைதான். கரையில் வளை தோண்டி அதைப் பலவீனமாக்குகின்றன. சில சமயம் சாம்பல் நிறத்தில் பெரிய உருவம் ஒன்று மூச்சுவிட மேலே வரும். அது கடல்பசு, சட்டம் பாதுகாக்கும் உயிர். வழிகாட்டி மோட்டாரை நிறுத்தி வழிவிடுவார்.

வெயில் ஏறிய பிறகு

தூண்டில்காரர்கள் எல்லா ஊரிலும் இருட்டோடு கிளம்புவார்கள். பீகாக் பாஸைப் பிடிக்க அந்த அவசரம் வேண்டாம். அது கண்ணால் வேட்டையாடும் மீன், பகலில் மட்டும் இரை தேடும். வெளிச்சம் நன்றாக விழுந்த பிறகுதான் வேகம் பிடிக்கும். இரை அசையாமல் நின்றால் பெரும்பாலும் கண்டுகொள்ளாது, ஓடினால் துரத்தும். அதனால் செயற்கை இரையை விறுவிறுவென்று சுண்டி இழுப்பார்கள். அடித்துவிட்டால் நரம்பு ரீலிலிருந்து சீறிக்கொண்டு ஓடும். மீன் நீருக்கு மேல் துள்ளும். பெரும்பாலும் ஒரு கிலோ, ஒன்றரைக் கிலோதான் இருக்கும். அந்த எடைக்கு நம்ப முடியாத பலம். ஃப்ளோரிடாவில் பதிவான மிகப் பெரியவை சுமார் 4 கிலோ.

கையில் எடுத்ததும் வாயைக் கவனியுங்கள். தாடை ஓரத்தில் பொடிப்பொடியான பற்கள், தொட்டால் சொரசொரக்கும், கடித்துக் கிழிக்க உதவாது. அந்த வேலைக்குத் தொண்டைக்குள் இன்னொரு தாடை இருக்கிறது. முன்தாடை பிடிக்கும், உள்தாடை நசுக்கி விழுங்க வைக்கும். சிக்ளிட் குடும்பம் முழுவதற்கும் உரிய அமைப்பு இது. நம் சந்தையில் ஜிலேபி என்று விற்கும் திலாப்பியாவும், கேரளத்தவர் கொண்டாடும் கரிமீனும் அதே குடும்பம்தான். அந்தக் குடும்பம் ஆப்பிரிக்கா, மடகாஸ்கர், தென்னிந்தியா, இலங்கை, அமெரிக்கக் கண்டங்கள் என்று பரவிக் கிடக்கிறது.

வசந்தத்திலும் கோடையிலும் கரையோரம் ஆணும் பெண்ணும் சேர்ந்து நிற்பதைக் காணலாம். இனப்பெருக்கக் காலத்தில் ஆணின் நெற்றி புடைத்துத் திமில் மாதிரி ஆகும். தட்டையான கல்லைத் துப்புரவு செய்து ஆயிரக்கணக்கில் முட்டையிடும். குஞ்சு பொரிந்த பிறகும் பல வாரங்கள் இரண்டும் காவல் காக்கும். நம் குளங்களில் விரால் தன் குஞ்சுக் கூட்டத்தைக் காப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. இந்த நேரத்தில் தூண்டிலை அடிப்பது பசியால் அல்ல, பகைவனை விரட்டத்தான். தாய் தந்தையில் ஒன்றைப் பிடித்து வெகுநேரம் வைத்திருந்தால், சுற்றியுள்ள மற்ற மீன்கள் குஞ்சுகளைத் தின்றுவிடும். பொறுப்பான வழிகாட்டி மீனைச் சட்டென்று, பிடித்த அதே இடத்தில் விடுவது இதனால்தான். சட்டமும் துணை நிற்கிறது: ஒருவர் ஒரு நாளில் இரண்டை மட்டும் வைத்துக்கொள்ளலாம், அதில் 17 அங்குலமோ அதற்கு மேலோ உள்ளது ஒன்றுதான் இருக்கலாம்.

விட்டவர்கள் யார்?

1970களில் மயாமி கால்வாய்களில் மேற்கு ஆப்பிரிக்காவின் புள்ளித் திலாப்பியா பெருகத் தொடங்கியது. வண்ணமீன் வியாபாரத்தின் வழியாக வந்த இன்னும் பல அயல் மீன்களும் சேர்ந்துகொண்டன. அவற்றை வலைவீசி ஒழிக்க முடியாது. மருந்து போட்டால் எல்லா மீனும் சாகும். பகலில் சிறுமீன்களை வேட்டையாடும் ஒரு பெரிய மீனை விட்டால் என்ன என்று மாநில அரசின் அயல்மீன் ஆய்வுக்கூடம் யோசித்தது. உயிரியலாளர் பால் ஷாஃப்லண்ட் தலைமையில் ஆய்வு நடந்தது. பிரேசில், கயானா, பெரு நாடுகளின் பீகாக் பாஸிலிருந்து வளர்த்த குஞ்சுகளை 1984 முதல் கால்வாய்களில் விட்டார்கள். சில ஆண்டுகளில் அவை நிலைபெற்றன.

அவர்களுக்குத் துணிவு தந்தது ஒரு வெப்பநிலை. நீர் 15.6 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கினால் இந்த மீன் இரை எடுப்பதை நிறுத்தும், நிலைதடுமாறும், சாகும். ஃப்ளோரிடாவின் வடக்கிலும் நடுவிலும் குளிர்காலத்தில் ஏரிகள் அந்த அளவுக்குக் குளிர்ந்துவிடும். மயாமி கால்வாய்கள் அப்படிக் குளிர்வதில்லை. காரணம் அந்த ஓட்டைப் பாறை. நிலத்தடி நீர், ஓர் ஊரின் ஆண்டுச் சராசரி வெப்பத்தை ஒட்டியே இருக்கும். மயாமியில் அது ஏறக்குறைய 25 டிகிரி. குளிர்காலத்திலும் அந்த வெதுவெதுப்பான நீர் பாறை வழியே கால்வாயின் ஆழத்தில் கசிந்துகொண்டே இருக்கிறது. மீன்கள் அங்கே ஒதுங்கிப் பிழைக்கின்றன. வடக்கே குளிர், உள்ளே வெப்பம். இயற்கையே போட்ட வேலிக்குள் ஒரு வேட்டைமீன்.

2010 ஜனவரியில் அந்த வேலி சோதனைக்கு உள்ளானது. நாள்கணக்கில் நீடித்த கடுங்குளிரில் மரத்திலிருந்து இகுவானாக்கள் விறைத்து விழுந்தன. பீகாக் பாஸ் பெரும் எண்ணிக்கையில் செத்து மிதந்தன. ஆழமான கால்வாய்களில் தப்பியவை மறுபடி பெருகின.

அதே மீன், வேறு ஏரி

மயாமியில் இந்தத் திட்டம் வெற்றி என்றே பலர் சொல்கிறார்கள். மண்ணின் மீனான லார்ஜ்மவுத் பாஸ் அழியவில்லை. கால்வாயில் இரண்டும் சேர்ந்தே தூண்டிலில் விழுகின்றன. ஆனால் இதை ஒரு பொதுவிதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 1967இல் பனாமாவில் இதே இன மீன் ஒரு குளத்திலிருந்து தப்பி காட்டூன் ஏரிக்குள் பரவியது. தாமஸ் ஜாரெட், ராபர்ட் பெய்ன் என்ற இரு சூழலியலாளர்கள் 1973இல் அதன் விளைவை வெளியிட்டார்கள். முன்பு சாதாரணமாகக் கிடைத்த எட்டு மீனினங்களில் ஆறு, பீகாக் பாஸ் பரவிய பகுதிகளில் காணாமல் போயிருந்தன. அந்தச் சிறுமீன்களை நம்பியிருந்த பறவைகளும் குறைந்தன. நாற்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் ஆராய்ந்தபோதும் அந்த ஏரியின் மீனினங்கள் பழைய நிலைக்குத் திரும்பியிருக்கவில்லை. அங்கே குளிர் என்ற வேலி இல்லை. மயாமியில் மீனை அடைத்து வைத்திருக்கும் வேலியும் நிரந்தரம் அல்ல. குளிர்காலங்கள் மிதமாக ஆக, அது வடக்கே நகரும்.

மயாமி வட்டாரக் கால்வாய்களில் இன்று தென் அமெரிக்காவின் ஆஸ்கர், நடு அமெரிக்காவின் மாயன் சிக்ளிட், ஆசியாவின் பெரிய விரால் இனம் ஒன்று என்று பல கண்டங்களின் மீன்கள் வாழ்கின்றன. அந்த விரால், 2000ஆம் ஆண்டில் வடக்கே ப்ரோவர்ட் மாவட்டத்தில் கண்டறியப்பட்டது. பீகாக் பாஸை விட்டவர்கள் ஆராய்ந்து, கணக்கிட்டு விட்டார்கள். மற்றவற்றில் பெரும்பாலானவை ஆராய்ச்சி எதுவும் இல்லாமல் வந்து சேர்ந்தவை. கண்ணாடித் தொட்டியைக் கழுவச் சோம்பி, கொல்லைப்புறக் கால்வாயில் கவிழ்த்த கைகளுக்கும் அதில் பங்கு உண்டு.

நம்மிடமும் அந்தக் கை இருக்கிறது. தொட்டியின் பாசியைத் தின்னட்டும் என்று நாம் வாங்கும் ‘டேங்க் கிளீனர்’ மீன், தென் அமெரிக்கக் கெளுத்தி இனம். அது மயாமி கால்வாய்க் கரைகளைத் துளைக்கிறது; தமிழ்நாட்டு ஏரிகளில் மீனவர் வலையிலும் சிக்குகிறது. அதை விரும்பி வாங்குவாரும் இல்லை. முள்ளும் கெட்டியான எலும்புத்தகடும் வலையைக் கிழிப்பதுதான் மிச்சம். உங்கள் வீட்டுத் தொட்டி மீன் பெரிதாகிவிட்டதா? கடைக்காரரிடம் திருப்பிக் கொடுங்கள், வளர்க்க விரும்புகிறவரிடம் கொடுங்கள். குளத்திலோ ஏரியிலோ ஆற்றிலோ மட்டும் விடாதீர்கள்.